மா அண்ணனின் பத்து நாள் தாடி

என் கழுத்து மா சொன்சுலின் வலது கையில் இருந்தது. இடது கையில் மைக். பின்னால் இசை ஓடிக்கொண்டிருந்தாலும் அவர் பாடுவதை நிறுத்தியிருந்தார். அன்று மதியம் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"இன்னொரு தடவை சொல்லுடா."

"அண்ணே... மூச்சு விட்டாத்தானே சொல்ல முடியும்..."

"மூச்சு விடாமச் சொல்லு."

"நீங்க பாடறதைக் கேட்டா... பக்கத்துத் தெருவுல தீயணைப்பு வண்டி எடுக்கறாங்கண்ணே."

பிடி இறுகியது. யோங்டுங்போ வட்டாரத்தில் மாவுக்கு, காசு கொடுத்து மைக் பிடித்துப் பாடுகிற பாட்டுக் கூடங்கள் பதினொன்று. அவருடைய குரலைப் பற்றி உண்மை பேசியவர்கள் யாரும் இரண்டு காலில் வீடு திரும்பியதில்லை என்று கேள்வி. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொல்லச் சொன்னது என் முதலாளி. மெங் ஹேரான் அக்கா, வயது ஐம்பத்திரண்டு, பதினெட்டு வருடம் போலீசில் இருந்துவிட்டு இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். எதிர் சோபாவில் உட்கார்ந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பத்து நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, மாலை நான்குக்கும் நாலரைக்கும் நடுவே, ஐஸ் ஃபாக்டரி முதலாளி பீ யோங்காப்பின் கழுத்தில் ஐஸ்கட்டி இழுக்கும் கொக்கியை இறக்கிக் கொன்றுவிட்டுப் போய்விட்டான் ஒருவன். கொக்கி அங்கே கட்டி சுமக்கும் கில் சாங்டு என்ற இளைஞனுடையது. அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த ஃபாக்டரி இடத்துக்கு மா ஒரு வருடமாக அலைந்தது ஊருக்கே தெரியும். ஆனால் மா அந்த நேரத்தில் ஆற்றுக்குத் தெற்கே, சின்சாவில் ஒரு கிளினிக்கில் படுத்து, லேசரில் தாடி எடுத்துக்கொண்டிருந்தாராம். டாக்டர் சாட்சி, மிஷினுக்குள் பதிவான நேரம் சாட்சி. மிஷினுக்குப் பொய் சொல்ல என்ன தலையெழுத்து என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

எங்களை அமர்த்தியது சாங்டுவின் அக்கா, பொக்சில் என்கிறவள். அவளே இன்று காலை போன் செய்து, "விட்ருங்கக்கா. நான்தான் செஞ்சேன்னு அவனே சொல்லிட்டான்" என்று அழுதாள். ஒப்புதல் வாக்குமூலத்தில் சாங்டு கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மாலை ஆறு மணிக்குள் அவனுடைய வக்கீல் அதைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். போய்விட்டால் இருபது வருடம். அதன் பிறகு வேறு ஒருவன் முகத்தை எவன் ஏறெடுத்துப் பார்ப்பான்?

ஹேரான் அக்கா விடவில்லை. அதனால்தான் என் கழுத்து அங்கே இருந்தது.

மா பத்து நாளாகக் கறுப்பு மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. கேட்டதற்கு, "லேசர் போட்ட தோலு. ரெண்டு வாரம் வெயிலும் படக்கூடாது, பிளேடும் படக்கூடாதுன்னு கிளினிக்ல எழுதியே குடுத்திருக்கான். வேணும்னா பாரு" என்று தாளைக் காட்டினார். சட்டத்தை ஒருநாளும் மதிக்காத மனிதர் ஒரு கிளினிக் தாளுக்கு இப்படிக் கட்டுப்பட்டது எனக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது.

கண் இருட்டிக்கொண்டு வந்தபோது நான் கையை வீசினேன். மாஸ்க் விரலில் சிக்கிக்கொண்டு இறங்கியது. அவர் தாடைக்கும் என் மூக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. நல்ல அடர்த்தியான கறுப்புத் தாடி. ஆனால் ஒவ்வொரு முடியும் தோலை விட்டு வெளியே வருகிற இடத்தில், ஒரு குருணை அளவுக்கு, பளிச்சென்று வெள்ளை.

"அக்கா!" என்றேன், அல்லது அப்படி ஏதோ ஒரு சத்தம் வந்தது.

ஹேரான் அக்கா எழுந்து வந்து, ஆரஞ்சுத் தோலை மாவின் கண்ணுக்கு எதிரே மடித்துப் பிதுக்கினார். மா அலறிக்கொண்டு கையை விட்டார். கதவோரம் நின்ற அடியாள், கழுத்து முழுக்க டிராகன் பச்சை குத்தியவன், பாய்ந்தான். அக்கா மேஜை மேலிருந்த ஜால்ரா வளையத்தை எடுத்து அவன் மூக்கில் அடித்தார். தாளம் தப்பவில்லை. இன்னொருவன் பீர் பாட்டிலை என் வாயில் இறக்கினான். என் கடைவாய்ப்பல் ஒன்று சிவப்பு வெல்வெட் சோபாவில் போய் விழுந்தது. எடுக்க நேரமில்லை. மைக் மாட்டும் கம்பியை அவன் முழங்காலில் ஓங்கி இறக்கிவிட்டு ஓடினேன்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டார்: "என்னடா பார்த்தே?"

"சாவைப் பார்த்தேன்."

"அது தெரியும். வேற?"

"தாடி கறுப்பு, வேர் வெள்ளை. ஆளு சாயம் பூசறாரு." ரத்தத்தைத் துப்பினேன். "இதைப் பார்க்கத்தான் என்னை உள்ள விட்டீங்களா? மாஸ்க்கைக் கழட்டுங்கன்னு மரியாதையாக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வெளக்கை அணைச்சுட்டுக் கழட்டியிருப்பான். அவ்ளோ கிட்டப் போகணும்னா ஒண்ணு பொண்டாட்டியா இருக்கணும், இல்ல கழுத்தைப் பிடிக்க விடணும். உன் மூஞ்சிக்கு ரெண்டாவதுதான் சரிப்படும்."

கேட்க அவமானமாகத்தான் இருந்தது. பல் போன இடத்தில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டேன்.

சின்சாவில் அந்தக் கட்டிடத்தின் ஐந்து மாடியிலும் தோல் கிளினிக்குகள்தான். நான்காம் மாடியில் டாக்டர் குக். நாற்பது வயது, மெல்லிய மனிதர். வாயில் ரத்தத்தோடு நான் நுழைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது மிஷினைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று அக்கா சொன்னதும் அவர் முகத்தில் விளக்கு ஏறியது.

"இந்த வருஷம் வந்தது, மேடம். அதோ மூலையில இருக்கே, அது பழசு. அது குருடு. கறுப்பா எது இருந்தாலும் சுடும். முடியா, மச்சமா, பச்சை குத்தினதா, அதுக்குக் கவலை இல்ல. இது அப்படி இல்ல. ஒவ்வொரு தடவையும் சுடறதுக்கு முன்னாடி தோலைப் பார்க்கும். எவ்ளோ கறுப்பு, எவ்ளோ ஆழம்னு கணக்குப் போடும். சரிப்படலேன்னா சுடவே சுடாது. முனை வேற ஜில்லுன்னு இருக்கும். முன்னெல்லாம் ஆம்பளைங்க தாடிக்குப் படுத்தா அம்மான்னு கத்துவாங்க. இப்ப குறட்டை விடறாங்க."

"வெள்ளை முடி இருந்தா?"

"அது மட்டும் இன்னும் ஆகல, மேடம். எத்தனை புது மிஷின் வந்தாலும் வெளிச்சத்துக்குப் பிடிச்சுக்க கறுப்பு வேணும். அப்பத்தான் சூடு வேர் வரைக்கும் இறங்கும். வெள்ளை முடிக்காரங்களைத் திருப்பி அனுப்பிடுவேன்."

"சாயம் பூசிட்டு வந்தா?"

டாக்டர் சிரித்தார். "சாயம் வெளிய தெரியற முடிக்குத்தானே? ஷேவ் பண்ணிட்டுத்தான் படுக்க வைப்போம். தோலுக்குள்ள வெள்ளைன்னா வெள்ளைதான்."

"அப்ப திங்கட்கிழமை நாலு மணிக்கு மா சொன்சுல் தாடையில நீங்க எதைச் சுட்டீங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டர் மிஷினின் திரையைத் தட்டினார். அந்த நாள் வந்தது. நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடக்கம், நாலரைக்கு முடிவு, அறுநூற்றுப் பதினான்கு தடவை சுட்டிருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் எதிரே முடியின் கறுப்பு எத்தனை என்று ஓர் எண். நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

"வேர் வரைக்கும் கரி மாதிரி முடி, மேடம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கன்னத்து எலும்பு வரைக்கும் அடர்த்தி."

"மாவுக்கு வேர் வெள்ளை."

"அப்படின்னா நான் பார்த்தது அவரை இல்ல." டாக்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "போலீஸ் வந்து கேட்டப்ப நான் பொய் சொல்லலை, மேடம். கவுண்டர்ல மா சொன்சுல்னு அட்டை காட்டினாங்க. மாஸ்க்கோட வந்தாரு. நான் உள்ள வரும்போது கண்ணு மேல இரும்பு மூடி, நெத்தியில துணி. நாள் முழுக்க நான் பார்க்கறது தாடையை மட்டும்தான். ஆளை யாரு பார்க்கறா?"

"அந்தத் தாடைக்கு இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்?"

"பத்து நாளா? கொட்ட ஆரம்பிச்சிருக்கும். ஷேவ் பண்ணினாலும் உள்ள செத்த வேர் புள்ளி புள்ளியா மேல வரும். மிளகுத்தூள் மாதிரி. துடைச்சா கையோட வந்துரும்."

அதாவது மாவின் தாடி இந்நேரம் உதிர்ந்திருக்க வேண்டும். அவரோ கிளினிக் தாளுக்கு மரியாதை கொடுத்து, வளர்த்து, சாயமும் பூசி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பல் போன இடம் வலித்தது.

கதவு உடைந்து உள்ளே விழுந்தது. டிராகன்காரன். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, கையில் மீன் வெட்டும் கத்தி.

"அந்தத் திரையை உடைக்கச் சொன்னாரு அண்ணன். உங்க மண்டையையும் சேர்த்து."

டாக்டர் குக் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மிஷினுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "இது ஆஸ்பத்திரி. வெளிய போங்க." கத்தி அவர் தொடையில் இறங்கியது. அவர் கத்தக்கூட இல்லை, அப்படியே சரிந்தார். வெள்ளைத் தரையில் ரத்தம் சரசரவென்று பரவியது.

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. புது மிஷினின் கைப்பிடியைப் பிடுங்கி டிராகன்காரன் கழுத்தில் வைத்து, கால் மிதியை அழுத்தினேன். அது தோலைப் பார்த்தது. பச்சை குத்தியிருக்கிறது என்று கண்டுகொண்டது. இரண்டு தடவை கீச்சிட்டுவிட்டு, மாட்டேன் என்று சிவப்பு விளக்குக் காட்டியது.

"அக்கா, இந்த மிஷினுக்கு மனசாட்சி இருக்கு!"

"கண்ணை மூடிக்கோடா!"

மூலையிலிருந்த பழைய மிஷின் யாருடைய அக்குளுக்காகவோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதன் கைப்பிடியை உருவினார்; அதற்கு மனசாட்சி கிடையாது. மூடிய இமைக்கு மேலும் வெளிச்சம் வெட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. கருகிய நாற்றம் வந்தது. பிறகு ஒரு அலறல். அப்படி ஒரு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை. கண்ணைத் திறந்தபோது டிராகனின் தலை இருந்த இடத்தில் வெந்த தோல் இருந்தது. அக்கா கைப்பிடியைத் திருப்பி அவன் பொடனியில் ஒரு அடி வைத்தார். விழுந்தான்.

நர்ஸ் ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அக்கா தன் இடுப்புப் பட்டையை அவிழ்த்து டாக்டரின் தொடையில் இறுக்கிக் கட்டினார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பதிவை அச்செடுக்கச் சொன்னார். வந்த தாளில் அவருடைய விரல் ரத்தம் ஒட்டியது.

மணி ஐந்தே கால்.

சொச்சோவில், கோர்ட்டுக்கு எதிர் வரிசையில் சாங்டுவின் வக்கீல் நாம்குங்கின் ஆபீஸ். நாங்கள் நுழைந்தபோது ஐந்து முப்பத்தைந்து. வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு, தோல்பையை மூடிக் கிளம்பத் தயாராக இருந்தார். பொக்சில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் குளியல் கூடத்தில் உடம்பு தேய்த்துவிடும் வேலை அவளுக்கு, பத்தொன்பது வருடமாக. தம்பிக்குத் தண்டனை குறைக்கச் சொல்லி கருணை மனுவில் கையெழுத்துப் போட, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். தலை ஈரம் காயவில்லை. சோப்புக் கூடை மடியில் இருந்தது.

"பையை மூடாதீங்க சார்" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். "சாங்டு செய்யல!"

அக்கா இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்தார். மாவின் வெள்ளை வேர், கிளினிக்கில் படுத்த வேறொரு ஆள், அச்செடுத்த தாள். பொக்சில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வக்கீல் பையைக் கீழே வைத்தார். "வெள்ளையா?" என்றார். "மாவுக்கா?" பிறகு முகம் மலர்ந்தது. "பிரமாதம், மேடம்! பிரமாதம்! அந்தத் தாளை எங்கிட்டக் குடுங்க. போலீஸ்கிட்ட இப்பப் போக வேணாம், காரியம் கெட்டுடும். நான் பக்குவமாப் பார்த்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே சட்டைக் காலரைத் தட்டினார். தட்டிவிட்டு மறுபடியும் தட்டினார். வெள்ளைக் காலரில் கறுப்பாகப் பொடிப் பொடியாக ஏதோ இருந்தது.

போன வருடம் வேறொரு கேஸில் இவரைப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. காலையில் மழித்த முகம் மதியத்துக்குள் நீலம் பாரிக்கும்; சின்ன ஷேவரை எடுத்து இன்னொரு தடவை ஓட்டிக்கொண்டே பேசுவார். நான்கூடக் கிண்டல் செய்தேன். இப்போது அந்தத் தாடையில் அங்கங்கே வழவழவென்று திட்டு. அக்காவைப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

"பொக்சில்," என்றார் அக்கா சாதாரணமாக, "அழுக்குத் தேய்க்கற கையுறை வச்சிருக்கியா?"

"இருக்குக்கா." கூடையிலிருந்து பச்சைக் கையுறையை எடுத்தாள்.

"வக்கீல் சார் கன்னத்துல ஏதோ ஒட்டியிருக்கு. கோர்ட்டுக்குப் போறாரு பாவம். ஒரு தேய் தேய்ச்சு விடு."

பொக்சில் நன்றியில் உருகிப்போய் எழுந்தாள். வக்கீல் பின்னால் குதித்தார். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது பேரைப் புரட்டிப் போடுகிற கை அது. குழந்தையைப் பிடிக்கிற மாதிரி அவர் முகவாயைப் பிடித்துக்கொண்டாள். "அசையாதீங்க சார், வலிக்காது." காதிலிருந்து தாடை வரை ஒரே ஒரு இழுப்பு.

கையுறையைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைத் துணி நிறைய மிளகுத்தூள். வக்கீலின் ஒரு கன்னம் மொழுமொழுவென்று சிவந்திருந்தது.

"நீங்க மாவோட ஆளு, திட்டமும் உங்களோடது" என்றார் அக்கா வக்கீலிடம். "மிஷின் சாட்சி சொல்லணும்னா தாடி வேணும். வேற எவனையும் நம்ப முடியாம நீங்களே போய்ப் படுத்தீங்க. ஆனா மா ரெண்டு வேளை ஷேவ் பண்றவன், தலைக்கு மாசா மாசம் சாயம் பூசறவன். வேர் வெளுத்துப் போச்சுன்னு உங்ககிட்டக்கூடச் சொல்ல வெக்கப்பட்டிருக்கான். கொலையை ஒத்துக்குவான், வயசானதை ஒத்துக்க மாட்டான்."

நாம்குங் மேஜையிலிருந்த கவர் கிழிக்கும் கத்தியை எடுத்து, பொக்சிலை இழுத்து அவள் கழுத்தில் வைத்தார். "தாளைக் குடுங்க."

நான் பாய்ந்தேன். கத்தி என் உள்ளங்கையைக் குறுக்கே பிளந்தது. அந்த ஒரு நொடி பொக்சிலுக்குப் போதுமாக இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஈரத்துணி பிழிவதைப் போல முறுக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் மேஜைமேல் சரிந்து, வாய்விட்டு அழுதார்.

அக்கா தோல்பையைத் திறந்து வாக்குமூலத்தை எடுத்தார். கடைசியில் சாங்டுவின் கையெழுத்து, கோணல் மாணலாக. இனி அது கோர்ட்டுக்குப் போகாது. போலீசுக்குப் போன் செய்தார்.

பொக்சில் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் செய்யலேன்னா ஏன் போட்டான்?"

அவள் வக்கீலின் முறிந்த கையைத் தொட்டாள், அழுத்தவில்லை. "ஏன் போட்டான், சார்?"

"நாலு தடவை மாட்டேன்னான்" என்றார் நாம்குங், வலியில் முனகிக்கொண்டு. "அஞ்சாவது தடவை... நீ போடலேன்னா உங்க அக்காவை மா உயிரோட விட மாட்டான்னு சொன்னேன். உடனே பேனாவைக் கேட்டான்."

பொக்சில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து சாயங்காலம் அவனைப் பார்க்கப் போனேன், அக்கா" என்றாள். "நான்தான் கொன்னேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான். நான் நம்பிட்டேன். நடுவுல இருந்த கண்ணாடியில எச்சியைத் துப்பிட்டு, எனக்குத் தம்பியே கிடையாதுன்னு சொல்லிட்டு வந்தேன். அவன் அப்பக்கூட வாயைத் திறக்கலை. பத்திரமா வீட்டுக்குப் போ, அக்கான்னு மட்டும் சொன்னான்."

தெருவில் சைரன் கேட்டது. அவர்கள் படியேறி வர இன்னும் மூன்று நிமிடமாவது ஆகும். பொக்சில் எழுந்தாள். கையுறையை மறுபடியும் மாட்டி, மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வக்கீலின் இன்னொரு கன்னத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

ஹேரான் அக்கா அறைக் கதவை உள்பக்கம் தாழ் போட்டார்.